பனச்சமூட்டு ஏரோது

“பச்சரிசியா, புழுங்கலா?” என்று கனகதாஸ் கேட்டால் போதும், புதிதாக வந்தவர்கள் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாங்குவார்கள். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. பனச்சமூட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே மாவு மில் நடத்துகிறவர், மோட்டார் சத்தத்தை மீறியே பேசிப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபையில் ஜெபம் சொல்லும்போதும் அதே குரல்தான். ஆண்டவருக்குக் காது மந்தம் என்று நினைப்போ என்று அவர் மனைவி ஜெயபாய் கேட்பதுண்டு.

ஆள் நல்ல உயரம். நிலைப்படியில் இடித்துக்கொள்ளாமல் இருக்கத் தலையைக் குனிந்தே நடப்பதால், யாரையோ முட்ட வருகிறவர் போலிருக்கும். இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு. மில் பெல்ட் அறுந்து அடித்தது அது. ஊர் நம்பினால்தானே? சந்தைச் சண்டையில் வாங்கிய கத்திக்குத்து என்பதுதான் ஊருக்கு ருசிக்கிற கதை. “அப்பிடியே வச்சுக்கிடுங்க, எனக்கு என்ன நஷ்டம்?” என்கிறார் கனகதாஸ்.

இப்படி ஓர் உடம்பு கிடைத்தால் ஊர் சும்மா விடுமா? கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஏரோது ராஜா அவர்தான். கோயில் திருவிழாவில் போடும் பாலே நாடகத்தில் அசுரன் வேஷத்துக்கு ஆள் வராவிட்டால் அதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிரீடம் மாறும், கோரைப்பல் மாறும், மீசை ஒன்றுதான். ஒரு வருடம் யோசேப்பாக நிற்க ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறார். நாடகம் பழக்கும் ரத்னபாய் டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாராம். “உமக்க மூஞ்சிக்கு யோசேப்பா? பிள்ளைய நீரு கையில எடுத்தா மரியாள் மயங்கி விழுவா!”

ஏரோதின் பலாமர வாள் மில்லிலேயே கிடக்கிறது. டிசம்பரில் அது பச்சைக் குழந்தைகளை வெட்டும். மற்ற மாதங்களில் மிஷின் வாயில் அடைத்துக்கொண்ட மாவைக் குத்தித் தள்ளும். சோறு உண்ணாத பிள்ளைகளிடம் அக்கம்பக்கத்து அம்மாமார், “கனகதாஸை விளிக்கட்டா?” என்பார்கள். பிள்ளையின் வாய் தானாகத் திறந்துவிடும்.

சென்ற மழைக்காலத்தில் பிள்ளை பிடிக்கிறவர்கள் இறங்கியிருப்பதாக மாநில எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வதந்தி. புட்டுக்கு அரிசி பொடிக்க நான் மில்லில் நின்றிருந்தேன். எதிரே திடீரென்று கூச்சல். சாக்கு மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற ஒரு மெலிந்த இளைஞனைக் கூட்டம் வளைத்துவிட்டது. மூட்டையைக் கவிழ்த்தார்கள். உள்ளேயிருந்து விழுந்ததெல்லாம் சின்னச் சின்ன பிராக்குகள், பிள்ளைகளின் நிக்கர்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அவன் திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழில் ஏதோ சொல்லி அழுதான். யாரும் காதில் வாங்கவில்லை. அவனை இழுத்துக்கொண்டு நேரே மில்லுக்கு வந்தார்கள்.

“கனகதாஸண்ணே, முதல் அடி உங்களுக்காக்கும்!” என்றான் எஸ்.டி.டி. பூத் வேலாயுதன். பின்னாலேயே யாரோ அந்தத் துணிகளையும் அள்ளிக் கொண்டுவந்து எறிந்தார்கள்.

கனகதாஸ் குனிந்து ஒரு கட்டம் போட்ட கைலியை எடுத்தார். “இது எனக்க கைலி. இண்ணைக்குக் காலத்த ஜெயபாய் இதக் குடுத்து பிளாஸ்டிக் குடம் வாங்கினா. இவன் பழைய துணிக்குக் குடம் மாத்துதவனாக்கும்” என்றார். அந்தக் குரலில் சொல்லியும் எடுபடவில்லை. குடமெல்லாம் விற்றுத் தீர்ந்து மூட்டை மட்டும் மிஞ்சியிருந்தது அவன் போதாத காலம். “ஒண்ணு நீங்க அடியுங்க, இல்லெங்கி மாறி நில்லுங்க, நாங்க அடிக்கோம்!” என்றது கூட்டம். ஒருவன் கையில் கல் இருந்தது. அடுத்த நிமிஷம் அந்தப் பையன் செத்துப்போகலாம்.

கனகதாஸ் மீசையை முறுக்கினார். ஏரோது வந்துவிட்டார். “விடுங்கலே! இவன் எனக்கு உள்ளவன்!” என்று ஓர் உறுமல். பையனின் சட்டையைப் பிடித்து நான் நின்ற பக்கமாக உள்ளே தூக்கிப்போட்டு, ஷட்டரை இறக்கி, மோட்டாரையும் நிறுத்தினார். அடி வெளியே கேட்க வேண்டுமே!

பையன் மூலையில் சுருண்டு கும்பிட்டான். கனகதாஸ் பலாமர வாளை எடுத்துத் தவிட்டு மூட்டையில் ஓங்கி ஒரு போடு போட்டுவிட்டு, அவன் காதருகே குனிந்தார். அவர் மெதுவாகப் பேசி அன்றுதான் கேட்டேன். “மக்கா, பயப்படாத. நல்லா கத்து.”

பையனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் கத்தினான் பாருங்கள், ரத்னபாய் டீச்சர் கேட்டிருந்தால் நாடகத்தில் சேர்த்திருப்பார். உண்மையில் டீச்சர் வெளியேதான் நின்றிருந்தார். வேலாயுதன் ஷட்டரைத் தட்டி, “எனக்க பங்குக்கு ஒண்ணு!” என்றான். மூட்டைக்கு ஒன்று விழுந்தது. “எனக்கும் ஒண்ணு போடுங்க” என்று டீச்சரின் குரல். “ரொம்ப வேண்டாம், பாவமாக்கும்.” அதற்கு மெதுவாக ஒன்று. இப்படி ஊரில் உள்ள நல்லவர்களெல்லாம் தங்கள் பங்கைச் சொல்லி அனுப்ப, கனகதாஸ் எல்லோருக்கும் அடித்துக்கொடுத்தார். நானும் பையனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். தவிடு பறந்து மூவருக்கும் தலை நரைத்துவிட்டது.

பின்வாசல் வழியே அவனை ரப்பர் தோட்டத்துக்குள் இறக்கிவிட்டார். அவன் கைலியைத் திருப்பி நீட்டினான். “குடம் தந்தல்லா வாங்கின? கொண்டு போ. அடுத்த ஸ்டாப்பில பஸ் ஏறு” என்றார்.

“உண்மையை வெளியே சொல்லிவிடலாமே” என்றேன் நான். “நீங்கள் ஏன் வீணாகப் பேரைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?”

“சொல்லலாம். பின்ன அடுத்த தரம் ஒருத்தன் மாட்டினா எனக்க கையில தருவாவளா? அவியளே அடிப்பாவ” என்றார்.

ஷட்டரைத் தூக்கினார். “ஓடிப்போயிட்டான்! இனி இந்தப் பக்கம் வரமாட்டான்!” வியர்வையும் தவிடுமாக நின்றவரைப் பார்த்துக் கூட்டம் திருப்தியாகக் கலைந்தது. வேலாயுதனின் மனைவி குமாரி மட்டும் இடுப்பில் பிள்ளையும் கையில் சோற்றுக் கிண்ணமுமாக நின்றாள். “மாமனப் பாரு. உண்ணல்லெங்கி உனக்கும் இதுதான்.”

கனகதாஸ் மீசையை ஏற்றி, கண்ணை உருட்டினார். பிள்ளை வாயைத் திறந்தது. உருண்டை உள்ளே போயிற்று. அவர் வாளைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, என் அரிசிக்காக மோட்டாரை ஓட்டினார்.