ஸ்பிரேயின் நடை

அந்த லாண்டரிக்காரருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எல்லாருக்கும் அவர் ஸ்பிரே. வாரம் முழுக்கச் சட்டைகளின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி இஸ்திரி போடுவது அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ஆடுகிறவர்களின் முட்டியில் குளிர் மருந்தைப் பீய்ச்சுவது அவர் சேவை. சேவை என்றால் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

இதில் அவர் மாட்டிக்கொண்டது தற்செயல்தான். அந்தப் பகுதி அணியின் ஜெர்சிகள் அவர் கடைக்குத்தான் சலவைக்கு வரும். ஒருநாள் ஜெர்சிகள் காயத் தாமதமாகிவிட, மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராக மைதானத்துக்கே போனார். மருந்துப் பையைத் தூக்க அன்றைக்கு ஆளில்லை. "அண்ணே, இதைக் கொஞ்சம் பிடிங்க" என்று கோச் பையை அவர் தோளில் மாட்டினார். புலிவாலைப் பிடித்த கதைதான். அப்புறம் யாரும் திருப்பி வாங்கிக்கொள்ளவே இல்லை.

மனிதருக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவார், உட்கார்ந்து மறுபடி எழுந்து திறப்பார். "காலுல சக்கரம் கட்டிட்டுப் பொறந்த மனுஷன்" என்பாள் அவர் மனைவி. கடையின் முன்பக்கம் உட்கார்ந்து பட்டன் தைப்பது அவள் வேலை. பின்பக்கம் இஸ்திரி மேசைக்கும் துணி அலமாரிக்கும் நடுவே அவர் போகிற வருகிற காற்றில் அவளுடைய நூல்கண்டு உருண்டு ஓடும்.

இப்படிப்பட்டவர் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மெதுவாக நடந்தார். அது கால்பந்து மைதானம். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

அந்த அணிக்கு ஒரு வழக்கம். ஒரு கோல் முன்னிலையில் இருந்து, ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே பாக்கி என்றால், கோச் தலையிலிருந்து தொப்பியைக் கழற்றுவார். உடனே யாராவது ஒருத்தன் காலைப் பிடித்துக்கொண்டு கீழே சாய வேண்டும். அதற்குப் பெயர் படுக்கை. நடுவர் ஆட்டத்தை நிறுத்துவார், ஸ்பிரேயைக் கூப்பிடுவார். ஸ்பிரே மாப்பிள்ளை ஊர்வலம் போல நடந்து போவார். பாதி வழியில் கத்தரிக்கோல் விழும், குனிந்து எடுப்பார். பையின் ஜிப் சிக்கிக்கொள்ளும், நின்று இழுப்பார். எதிரணிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை வேறு. "ஸ்பிரே நடந்தா ஆட்டம் நடக்காது" என்று பையன்கள் சொல்லும்போது உள்ளுக்குள் குளிர்ந்துபோவார்.

படுப்பதில் கெட்டிக்காரன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. அவன் கூரியர் ஆபீசில் பார்சல் கொண்டுபோகிற வேலையில் இருந்தான். அம்மா போனபின் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி ஆளாக்கியது அக்காதான். கல்யாணமாகி வந்தபோது தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் வந்தாள். ஸ்பிரேயும் அவனை மகன் மாதிரிதான் வைத்திருந்தார். அவன் விழுகிற அழகைப் பார்த்தால் பெற்ற தாயே நிஜமென்று நம்பிவிடுவாள். எழுந்ததும் மாமாவைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

அந்த வருஷம் லீக் நடத்துகிறவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. எல்லா அணியிலும் பை தூக்குகிறவர்கள் முதலுதவி வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும் என்றார்கள். ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஆம்புலன்சில் வேலை பார்க்கிற ஒரு பெண் பாடம் நடத்தினார். தரையில் ஒரு ரப்பர் பொம்மை மல்லாந்து கிடந்தது. ஸ்பிரேயின் முறை வந்தபோது அவர் பையிலிருந்து மருந்தை எடுத்துப் பொம்மையின் முட்டியில் பீய்ச்சினார். ஹாலே சிரித்தது.

"அவருக்கு முட்டி வலிக்கலைங்க. மூச்சு நின்னுபோச்சு" என்றார் அந்தப் பெண். அவரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார். பிறகு எல்லாரையும் பார்த்து, "ஒண்ணு மட்டும் மறந்துடாதீங்க. யாரும் இடிக்காம, பந்து பக்கத்துல இல்லாம ஒருத்தர் விழுந்தா அது கால் இல்ல, நெஞ்சு. ஓடுங்க. குறட்டை மாதிரி சத்தம் வந்தா மூச்சு இருக்குன்னு ஏமாந்துடாதீங்க" என்றார்.

ஸ்பிரே அப்போது ஜன்னல் பக்கம் உலாத்திக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. அங்கே ஒழுங்காக வியர்வை வழிய அந்தப் பொம்மையை அமுக்கிப் பழகியது ஒரே ஓர் ஆள்தான். ஸ்கூல் வேன் ஓட்டுகிற ஒரு பெண். இன்னொரு அணிக்குப் பை தூக்குகிறவள், வேன் அக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். "அக்கா, விட்டா பொம்மை எழுந்து பந்து ஆடப் போகுது" என்று ஸ்பிரே கேலி செய்தார். "ஆடட்டுமே, உங்க ஆளுங்கள விட நல்லா ஆடும்" என்றாள் அவள், கையை எடுக்காமல்.

அரையிறுதி ஆட்டம் அந்த வேன் அக்காவின் அணியோடுதான். ஸ்பிரேயின் மனைவி கடைக்கு லீவு விட்டுத் தம்பி ஆடுவதைப் பார்க்க வந்திருந்தாள். கம்பிவேலியை ஒட்டி நின்றாள். மச்சினன் அடித்த ஒரு கோலில் அணி முன்னிலையில் இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆட்டம் முடியப்போகிற நேரம் கோச் தொப்பியைக் கழற்றினார்.

கழற்றிய கையோடு மச்சினன் விழுந்தான். பந்து மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அவன் பக்கத்தில் ஈ காக்கை இல்லை. காலைப் பிடிக்கவும் இல்லை, உருளவும் இல்லை, வெட்டிய வாழை மாதிரி அப்படியே முகம்குப்புறச் சாய்ந்தான். பயல் சொன்ன சொல் தட்டாதவன் என்று ஸ்பிரே மனசுக்குள் மெச்சிக்கொண்டார். நடுவர் கையைக் காட்டினார். ஸ்பிரே பையைத் தோளில் மாட்டி நடந்தார்.

"நாடகம், நாடகம்" என்று எதிர்ப்பக்கம் கத்தினார்கள். அவர் அதற்கேற்ற மாதிரி கத்தரிக்கோலைத் தவறவிட்டு, குனிந்து எடுத்தார். நிமிர்ந்தபோது அந்தப் பக்கத்திலிருந்து வேன் அக்கா தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தாள். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சும்மா நடிக்கிறான்க்கா. நீங்க எதுக்கு வேர்த்து விறுவிறுத்து வர்றீங்க?" என்றார்.

அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. மச்சினனைப் புரட்டிப் போட்டு, தோளைத் தட்டிக் கூப்பிட்டாள், வாயருகே காதை வைத்தாள். "மூச்சு இல்ல" என்றாள். "ஆபீஸ் ரூம் செவுத்துல தொங்குற ஷாக் பெட்டிய எடுத்துட்டு வாங்க, ஆம்புலன்சுக்குப் போன் போடுங்க" என்று நடுவரைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். அடுத்த நொடி அவள் கைகள் அவன் நெஞ்சின் நடுவில் இருந்தன.

ஸ்பிரே கிட்டே போய்ப் பார்த்தார். அவன் கண்கள் திறந்திருந்தன. தொண்டையிலிருந்து ஒரு குறட்டை வந்தது. "மூச்சு விடுறானே" என்றார். சொல்லி முடிக்கும்முன் அந்த ஹாலும் பொம்மையும் அந்தப் பெண்ணின் குரலும் மண்டைக்குள் ஏறின. அன்றைக்கு ஏறாமல் இன்றைக்கு ஏறி என்ன பிரயோஜனம். வாய்விட்டு அழுதபடி அவன் பக்கத்தில் முழங்காலில் விழுந்தார்.

"அழுவுறதெல்லாம் அப்புறம். எனக்குக் கை ஓயுது, நீங்க அமுக்குங்க" என்றாள் வேன் அக்கா. அவர் அமுக்கினார். வருஷக்கணக்காக இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி இறக்கிய கை, பலத்துக்குக் குறைவில்லை. "முழங்கைய மடக்காதீங்க. நெஞ்சு மேல எழும்பட்டும், அப்புறம் அமுக்குங்க" என்று அவள் சொல்லச் சொல்ல அமுக்கினார். நடுவர் பெட்டியோடு வந்தார். அதைத் திறந்ததும் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. அது சொன்னபடி நெஞ்சில் பட்டைகளை ஒட்டினார்கள், அது சொன்னபடி விலகி நின்றார்கள். அவன் உடம்பு தூக்கிப் போட்டது. மறுபடி அமுக்கச் சொன்னது, மறுபடி அமுக்கினார்கள். சற்றைக்கெல்லாம் அவன் இருமினான், அவர் கையைத் தள்ளிவிடப் பார்த்தான்.

வேலியைத் தாண்டி எப்படி வந்தாளோ, மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். தம்பியைப் பார்க்கவில்லை அவள். புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க நடந்தீங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்பிரே உட்காரவே இல்லை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தார். ஒரு நர்ஸ், "ஐயா, தரை தேயுது, உட்காருங்க" என்று சொல்லியும் கேட்கவில்லை. வெளியே வந்த டாக்டர், "இதயத் துடிப்புல பிறவியிலேயே ஒரு கோளாறு. உடனே நெஞ்சை அமுக்கினதாலதான் ஆள் பிழைச்சாரு. யார் முதல்ல அமுக்கினது?" என்று கேட்டார். ஸ்பிரே வேன் அக்காவைக் கைகாட்டினார். டாக்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கியபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு சுருங்கிவிட்டது. மனைவி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "சாப்பாடு மேசைல இருக்கு", "பட்டன் தைச்சாச்சு", இவ்வளவுதான். நாலு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவளிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. என்னவென்று கேட்பது? கத்தரிக்கோல் தானாக விழவில்லை, நான்தான் போட்டேன் என்றா? யோசனையில் இஸ்திரிப் பெட்டியை வைத்த இடத்தில் மறந்து, ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கோட்டைக் கருக்கினார். உறக்கம் பாதியில் கலைந்தால் எழுந்து போய் அழுக்கு ஜெர்சி மூட்டையைத் தரையில் போட்டு அமுக்குவார். வேன் அக்காவிடம் போய், "நான் அமுக்குறது சரியா, பாருங்க" என்று நின்றார். அடுத்த வகுப்பில் யாரும் கூப்பிடாமல் போய் முன்வரிசையில் நின்றார். மூன்றாவது தடவை போனபோது அந்த ஆம்புலன்ஸ் பெண், "பொம்மைக்கு விலா எலும்பு இருந்தா இந்நேரம் போயிருக்கும்" என்றார். அவர் சிரிக்கவில்லை.

மச்சினன் நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கருவியோடு வீட்டுக்கு வந்தான். இனி பந்தைத் தொடக் கூடாது. அதைச் சொன்னபோது ஒருநாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மறுநாள் எழுந்து வந்து, ஸ்பிரே இஸ்திரி போடுகிற மேசையோரம் நின்றான்.

"மாமா, எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. அக்காதான் சொன்னா. நான் விழுந்ததும் நீங்க செருப்பு கழண்டது கூடத் தெரியாம பறந்து வந்தீங்களாமே. நீங்க இல்லைன்னா நான் இல்ல மாமா."

ஸ்பிரே தலையைத் தூக்கி முன்பக்கம் பார்த்தார். மனைவி ஒரு சட்டைக் கையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. இல்லை மாப்ள, நான் நடந்துதான் வந்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவன் முகத்தைப் பார்த்தார். சொல்லவில்லை. அந்தப் பொய்யை அவர் போட்டுக்கொண்டு திரிந்தார், அது அளவு சேராத சட்டை மாதிரி எல்லா இடத்திலும் பிடித்தது.

புது சீசனின் முதல் ஆட்டமும் வேன் அக்காவின் அணியோடுதான் வந்தது. மச்சினன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அவன் அக்கா பக்கத்து வேலியோரம் நின்றாள். ஒரு கோல் முன்னிலை. பழக்கம் விடுமா, கோச் தொப்பியைக் கழற்றினார். தடுப்பாட்டக்காரன் ஒருத்தன் தொடையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான்.

நடுவர் முழுசாகக் கை காட்டக்கூட இல்லை, ஸ்பிரே ஓடினார். "ஸ்பிரே, மெதுவா, ஸ்பிரே" என்று கோச் பின்னால் கத்தினார். நின்றால்தானே. தொப்பை குலுங்க, பை முதுகில் மொத்த, மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தார். விழுந்தவன் மூக்கருகே காதை வைத்தார், நெஞ்சைப் பார்த்தார்.

"அண்ணே, தொப்பியப் பார்க்கலையா?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"பார்த்தேன். மூச்சும் இருக்கு, வாயும் இருக்கு. எழுந்திருடா." கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். பார்த்தவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். ஆட்டம் உடனே தொடர்ந்தது. கிடைத்த நேரத்தில் எதிரணி ஒரு கோலைத் திருப்பிப் போட்டுவிட்டது.

கோச்சுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு கோல் போச்சு, உங்களாலதான். கொஞ்சம் நடந்து போனா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?"

"நான் இனிமே நடக்க மாட்டேன். நடக்குற ஆள் வேணும்னா இந்தாங்க, வேற யாருக்காவது மாட்டி விடுங்க" என்று ஸ்பிரே பையைக் கழற்றி நீட்டினார். கோச் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் எங்கேயோ பார்த்தார்கள். கோச் தொப்பியைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

ஸ்பிரே மூச்சு வாங்க வேலியோரம் போய் நின்றார். மனைவி கம்பி வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவர் குடித்ததும் பாட்டிலைத் திரும்ப வாங்கி மூடினாள்.

"அவன்கிட்ட நான் சொன்ன பொய் இத்தனை நாளா என் தொண்டையில நின்னுச்சு" என்றாள். "இன்னைக்குத்தான் இறங்குச்சு."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை மாதம் தேடிய வார்த்தையைச் சொல்ல வாயைத் திறந்தார். அவள் அவர் தோளுக்கு மேலே மைதானத்தைப் பார்த்தாள்.

"அப்புறம் பேசிக்கலாம். அங்க ஒருத்தன் விழுந்துட்டான், போங்க" என்றாள்.

எதிரணிக்காரன்தான். அந்தப் பக்கத்திலிருந்து வேன் அக்கா கிளம்புவதற்குள் அவர் பாதி மைதானம் போயிருந்தார்.