பெயர் சொல்லிக் கூப்பிட்டது

கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறைகள். மாமனார், மாமியார், கொழுந்தன், அவன் மனைவி, எங்கள் பிள்ளைகள் இரண்டு, நாங்கள் என்று எட்டுப் பேர். என் கணவர் என்னிடம் பேசாததற்கு அந்த நெரிசல்தான் காரணம் என்று பன்னிரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது கல்யாண நாளுக்கு மூணாறு போகலாம் என்று நச்சரித்தது நான்தான். மாநகராட்சியில் தண்ணீர் லாரி ஓட்டும் அவர், கூட வேலை செய்பவரின் பழைய மாருதி காரைக் கேட்டு வாங்கி வந்தார். பிள்ளைகளை மாமியாரிடம் விட்டோம். நாள் முழுக்க நாங்கள் இரண்டு பேர் மட்டும். மலையும் பனியும் யாருக்கு வேண்டும்? அவர் என்னிடம் மனம்விட்டு நாலு வார்த்தை பேசினால் போதும் என்றிருந்தது. முன்சீட்டில் உட்காரும்போது புதுப்பெண் மாதிரி வெட்கம்கூட வந்து தொலைத்தது.

நேரியமங்கலம் பாலம் தாண்டியதும் கார் மலை ஏறத் தொடங்கியது. சாலையோரத்திலேயே அருவிகள் கொட்டின.

"எம்மாடி, எத்தன தண்ணி!" என்றேன்.

தண்ணீர் லாரிக்காரர் அதற்காவது ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"கண்ணாடிய ஏத்து. சாரல் அடிக்கும்" என்றார்.

அடிமாலியில் "பசிக்குதா?" என்று கேட்டார். அப்புறம் மூணாறு வரை வாயைத் திறக்கவில்லை. வீட்டில் எட்டுப் பேருக்கு நடுவில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மூணாறையும் தாண்டி டாப் ஸ்டேஷனுக்குப் போனோம். நான் பள்ளத்தாக்கைப் பார்க்கக் கம்பிவேலி வரை நடந்தேன். திரும்புவதற்குள் பனி மூடிவிட்டது. அவரைக் காணவில்லை.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் கணவன் பெயரைச் சொல்வதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லவைப்பேன். அதனால் "ஏங்க! ஏங்க!" என்று கூப்பிட்டேன். அன்றைக்கென்று பார்த்துத் தேனியிலிருந்து ஒரு பஸ் வந்திருந்தது. யார் யாருடைய கணவன்மாரோ "என்ன?" என்று குரல் கொடுத்தார்கள். என் ஆளைத் தவிர.

கொஞ்சம் நடந்ததும் அவர் சிரிப்பு கேட்டது. சாயாக்கடை வாசலில் எனக்கு முதுகைக் காட்டி நின்று, கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு மாசமா முட்டு வேதனை சேட்டா. கிளட்ச் மிதிச்சா உசிரு போவுது. வண்டியோட்டாம வேற என்ன செய்வேன்னு நெனச்சா பேடியா இருக்கு."

முழங்கால் வலி. மூன்று மாதமாக. பயம் வேறு. அவருடைய அப்பாவின் காலுக்குத் தினமும் தைலம் தேய்ப்பவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு எங்கிருந்து அந்த ஆத்திரம் வந்ததோ, அவர் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டேன். முதல் தடவையாக.

சட்டென்று திரும்பினார். முகமெல்லாம் ஆவல். என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் பனியைப் பார்த்தார்.

"ஆரோ ஒரு பொம்பள என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டா. கேட்டியா?"

"கேட்டுச்சு" என்றேன்.

சாயா கிளாஸை என் கையில் கொடுத்துவிட்டு, அவளைத் தேடி என்னைத் தாண்டி நடந்தார்.