குறையாத தங்கம்

மனைவியின் தாலிச் சங்கிலியை மகளின் நர்சிங் படிப்புக்காக விற்றோம். அன்று முதல் தாலி மஞ்சள் கயிற்றில்தான். திரும்ப ஒரு சவரனில் சங்கிலி செய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். சவரனை மொத்தமாக வாங்க எனக்கு எப்போதும் முடிந்ததில்லை. அட்சய திருதியைக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்று அரை கிராம் காசாக எட்டு வருடம் வாங்கினேன்.

அரை கிராம் காசு சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. அதற்கு உள்ளங்கை அகலத்தில் ஓர் அட்டை, மேலே பிளாஸ்டிக் உறை, அதில் மகாலட்சுமி. ஒவ்வொரு காசுக்கும் தனியாகச் செய்கூலி. சில்லறையாக வாங்குகிறவனுக்கு எதுவும் விலை அதிகம்தான். கடைக்காரர்கள் ஒரு டம்ளர் பாதாம் பால் கொடுத்து அதை மறக்கச் செய்வார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு நானும் குடிப்பேன்.

என் சகலை வேறு ரகம். துபாயிலிருந்து வந்தபோது முழு அவுன்ஸ் காசு ஒன்றைக் கொண்டுவந்தார். அவுன்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது இருமல் மருந்துதான். கோலார் தங்க வயலில் சுரங்கத்துக்குள் இறங்கிய என் அப்பா கடைசிவரை குடித்தது அதைத்தான். சகலை காசை என் கையில் வைத்தார், நான் பார்த்து முடிக்கும் முன்பே எடுத்துக்கொண்டார்.

"முப்பத்தோரு கிராம், சகலை. வாங்கினா இப்படி வாங்கணும். நீ என்னடான்னா பொரி வாங்கற மாதிரி தங்கம் வாங்கறே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்கா வீட்டுக் கல்யாணத்துக்கு வெறும் கயிற்றோடு போக மாட்டேன் என்றாள் மனைவி. பதினாறு காசுகளையும் ஒரு குங்குமச் சிமிழில் போட்டுக்கொண்டு, வாங்கிய கடைக்கே போனோம். கவுண்டரில் இருந்தவன் சிமிழைத் திறந்து பார்த்தான்.

"என்ன சார், பேக் எல்லாம் கட் பண்ணிட்டீங்க? சீல் இல்லன்னா காயின் கணக்குல வராது. பழைய நகைதான். உருக்கிப் பாக்கணும், கழிவு போகும்."

ஒவ்வொரு முறையும் காசை வாங்கி வந்ததும் மனைவி உறையைக் கத்தரித்து, காசை அரிசியில் வைத்து, மஞ்சள் தடவிப் பொட்டு வைப்பாள். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தது நான்.

"உங்க கடைல வாங்கினதுதானே தம்பி? உங்க முத்திரை இருக்கு பாரு."

"இருக்கு மேடம். சீல் இல்லையே."

"சாமிக்கு வைக்கிற பொட்ட பிளாஸ்டிக் மேலயா வைப்பாங்க?"

"ரூல்ஸ் மேடம். நாவேன் மாடோது, நாங்க என்ன செய்யறது சொல்லுங்க?" என்று கன்னடம் கலந்து சொல்லிக் கைவிரித்தான்.

நான் அட்டையில் இருந்த மகாலட்சுமியை நினைத்துக்கொண்டேன். அந்த அம்மாளுக்கே பொட்டு வைக்கக் கூடாது என்று ஒரு விதி. அட்சயம் என்றால் குறையாதது என்று அர்த்தமாம். கழிவு போய், புதுச் சங்கிலியின் செய்கூலி, சேதாரமும் போய், எங்கள் எட்டு கிராம் ஆறரை ஆயிற்று. சங்கிலி மெலிசு, நீளமும் போதவில்லை. தாலி தொண்டைக்குழிக்குச் சற்றுக் கீழேயே நின்றது.

மல்லேஸ்வரத்தில் கல்யாணம். மனைவி சங்கிலியைச் சேலைக்குள் விட்டிருந்தாள். வரவேற்பில் நின்ற சகலையின் கண் நேராக அங்கேதான் போனது.

"என்ன சகலை, பொரி எல்லாம் சேத்து நூல் திரிச்சிட்டியா?"

அவர் பக்கத்தில் அவர் மனைவி கழுத்து நிறைய நகையோடு நின்றார். அத்தனையும் கவரிங் என்று காலையில்தான் என் மனைவியிடம் சொல்லி அழுதிருந்தார். சம்பந்தி வீட்டுக்குக் காட்ட அவுன்ஸ் காசு முழுசாக இருக்க வேண்டுமாம். அதை உருக்கி ஒரு வளையல் செய்யக்கூட சகலை விடவில்லை.

அதை நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாய் வராது.

"நூலா இருந்தாலும் கழுத்துல இருக்கு, சகலை" என்றேன்.

மேளச் சத்தத்தில் அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மனைவி சங்கிலியைச் சேலைக்கு வெளியே எடுத்துவிட்டாள்.