இரண்டு முறை பூட்டிய கடிதம்

கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தவர்களே, உங்களிடமும் யாராவது வந்து ரகசியத்தை மறைத்து வைக்கச் சொல்லியிருப்பார்கள். பாதி ரகசியம் அப்போதே நமக்குத் தெரிந்துவிடும்.

எண்பதுகளின் கடைசியில் பரவைக்குப் போகும் வழியில் ஒரு நூற்பாலையில் எனக்கு அந்த வேலை. ஒரு மிஷின், நாலு திரை. யார் எதை அடித்து வைத்தாலும் மேனேஜர் தன் திரையில் எடுத்துப் படிக்கலாம், படிப்பார்.

தெரியாத எழுத்து

டைப்பிஸ்ட் ஜெயக்கொடி கோயம்புத்தூரில் ஒரு வேலைக்கு மனு அடித்து வைத்திருந்தாள். அனுபவச் சான்றிதழுக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும். தபால் படிப்புக்கு என்று சொல்லிக் கேட்டிருந்தாள். அதுவரை மனு அவர் கண்ணில் படக் கூடாது.

கோப்பைப் பூட்டும் கட்டளையைக் காட்டிக்கொடுத்தேன். சாவிச் சொல்லை அடித்தால் திரையில் தெரியாது. கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்து மூன்று தடவை அடித்துவிட்டாள். பிறகு ஒரு தடவை அடித்தால் திறக்கவில்லை. மூன்று தடவை அடிக்கச் சொன்னேன், திறந்தது.

"அப்ப தப்பையும் மனப்பாடம் பண்ணணுமாண்ணே?"

இரட்டைப் பூட்டு

அவளுக்குப் பயம் போகவில்லை. என்னிடம் சொல்லாமல், பூட்டிய மனுவை அதே சாவியால் இன்னொரு தடவை பூட்டினாள். அந்தக் கட்டளைக்குப் பூட்டுவதும் திறப்பதும் ஒன்றுதான். இரண்டாம் பூட்டு முதல் பூட்டைத் திறந்துவிட்டது. மனு யாரும் படிக்கும்படி திறந்தே கிடந்தது.

மறுநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். கையெழுத்துப் போடாத சான்றிதழ் மேசையில் இருந்தது.

"கோயம்புத்தூர்ல தண்ணி நல்லாருக்குமாம்மா?"

வேறு பூட்டு

அந்த வருஷம்தான் என் மனைவி தவறினாள். சாயங்காலம் செய்ய ஒன்றுமில்லை. ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்து, வேறு முறையில் எழுத்தைக் கலைக்கும் பூட்டு ஒன்றை நோட்டில் எழுதி, பிறகு மிஷினில் ஏற்றினேன். இதில் திறக்கத் தனிக் கட்டளை. மறுபடி பூட்டினால் மேலே இன்னொரு பூட்டு விழும்.

முதலில் கேட்டு வாங்கியவர் மேனேஜர். தனிக் கட்டளை பற்றிச் சொன்னேன், காதில் வாங்கவில்லை. மறுபடி பூட்டினால் திறக்கும் என்று ஜெயக்கொடி விஷயத்தில் தெரிந்துகொண்டவர் அல்லவா, திறப்பதாக நினைத்து மேலும் மூன்று தடவை பூட்டிவிட்டு, "யோவ், உன் பூட்டு என்னய்யா இம்புட்டு அழும்பு பண்ணுது?" என்று என் திரைக்கு வந்தார். அவர் சாவியை அடிக்க அடிக்க, நான் நாலு பூட்டையும் கழற்றினேன். வந்தது ஓசூர் கம்பெனி ஒன்றுக்கு அவர் எழுதிய மனு. பக்கத்து நாற்காலியில் ஜெயக்கொடி. கையெழுத்தில்லாத அந்தச் சான்றிதழை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சொன்னார்: "என் லெட்டர்ல ரெண்டு தப்பு இருக்கு, அதையும் திருத்திக் குடுத்துட்டுப் போம்மா."

எவ்வளவு நல்ல பூட்டு எழுதினாலும், திறக்கும்போது பக்கத்து நாற்காலியில் யார் இருக்கலாம் என்பதை மட்டும் என்னால் அதில் எழுத முடியவில்லை.