வீட்டுக்குப் போகாத கால்

செருப்பு வார் பட்டதும் சுரீரென்றது. குனிந்து பார்த்தால் வலது பாதத்தின் மேற்புறம் பன் மாதிரி உப்பியிருந்தது. எதிலும் இடித்துக்கொள்ளவில்லை, தடுக்கி விழவுமில்லை. குமாரபாளையத்தில் விசைத்தறிச் சாமான் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவனுக்குக் காலில் என்ன கேடு என்று எரிச்சலாக இருந்தது.

கடைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள். வாயு, யூரிக் அமிலம், பூச்சிக்கடி. சுளுக்கு என்றவரை நம்பி, எண்ணெய் போட்டு நீவிவிடும் ஒருவரிடம் போனேன். அவர் இழுத்த இழுப்பில் வீக்கம் கணுக்கால்வரை ஏறியது. இதே வலியோடு இதைப் படிப்பவர்கள், காரணம் தெரியும்வரை யாரிடமும் காலைக் கொடுத்துவிடாதீர்கள்.

எலும்பு டாக்டர் என் மகள் வயதுப் பெண். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையும் சரி.

"புதுசா நிறைய நடக்க ஆரம்பிச்சீங்களா?"

"இல்லீங்க. உக்காந்த வேலைதானுங்க."

அது பொய். உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, குறையாவிட்டால் வரச் சொன்னார்.

மூன்று வாரம் கழித்து நொண்டிக்கொண்டு போனேன். இந்த முறை படத்தில் இரண்டாவது விரலுக்குப் போகும் எலும்பில் மெல்லிய கோடு தெரிந்தது. அழுத்த முறிவு (அடிபடாமல், திரும்பத் திரும்பப் பாரம் விழுவதால் எலும்பில் உண்டாகும் விரிசல்). ஆரம்பத்தில் இது எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டாம்.

"நடக்காம இது வராதுங்க ஐயா" என்றார் டாக்டர்.

"கடையச் சாத்துனதும் காவேரிப் பாலத்துல அக்கரை பவானி வரைக்கும் போயிட்டு வருவேனுங்க. மூணு தடவ, நாலு தடவ."

"எதுக்குங்க அவ்வளவு?"

"ஊட்டுக்குப் போகப் புடிக்கலீங்க."

என் மனைவி சரசு போய் அப்போது ஐந்து மாதம். அன்று கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அடுக்களையில் விழுந்து கிடந்தாள். மாரடைப்பு. எத்தனை நேரமாகக் கிடந்தாள் என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகு கடையைப் பூட்டினாலும் நேராக வீட்டுக்குப் போவதில்லை. மெஸ்ஸில் சாப்பிட்டு, கால் ஓயும்வரை நடந்து, படுக்க மட்டும் வீட்டுக்குப் போவேன். அடுக்களைக் கதவைத் திறப்பதே இல்லை.

டாக்டர், பாதம் அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு பூட்ஸும் வாக்கரும் எழுதினார். "ஆறு வாரம் வீட்டை விட்டு வெளிய வராதீங்க" என்றார். அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சந்தோஷமாகக் கேட்டிருப்பேன்.

ஈரோட்டிலிருக்கும் மகள் கலா, "இங்க வந்துருங்கப்பா" என்று அழுதாள். சம்பந்தி வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடக்க எனக்கு மனமில்லை. "நான் பாத்துக்கறேன் சாமி" என்று சொல்லி போனை வைத்தேன்.

பக்கத்துத் தறிகள் ஓடும்வரை சமாளித்தேன். கரண்டு போய்ச் சத்தம் நின்றால் வீடு என்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மணி பார்ப்பேன், ஐந்து நிமிடம்தான் போயிருக்கும். மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வந்துகொண்டிருந்தது. இரண்டாவது வாரம் மெஸ்காரர் தன் வீட்டுக் கல்யாணத்துக்காக நான்கு நாள் கடையை மூடிவிட்டார். இரண்டு வேளை பிஸ்கட்டில் ஓட்டினேன். மூன்றாம் வேளை பசி பொறுக்காமல், வாசலுக்கு வந்த காய்கறி வண்டியில் வெங்காயம் வாங்கிக்கொண்டு, வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் அடுக்களைக் கதவைத் திறந்தேன்.

நின்று வெங்காயம் நறுக்கக் கால் இடம் கொடுக்கவில்லை. தரையில்தான் உட்கார வேண்டும். அவள் கிடந்த தரை.

"சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டயே சரசு" என்று சத்தம் போட்டேன். பிறகு அழுதேன், சாவுக்கு வந்த அத்தனை பேர் முன்னால் வராத அழுகை. வெங்காயத்தின்மேல் பழி போடலாமென்றால், அதைக் கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

எலும்பு கூடிவிட்டது. தடவினால் அந்த இடத்தில் சின்ன மேடு தட்டுப்படும், அதுவும் என் கால்தான் என்று பழகிவிட்டது. மாலை நேரம் இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையைப் பூட்டியதும் நேராக வீட்டுக்கு வருகிறேன். கால் வலிக்காத நாளிலும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்தே காய் நறுக்குகிறேன். அன்று எத்தனை நேரம் அவள் அங்கே தனியாகக் கிடந்தாளோ தெரியாது. அப்போது நான் கூட இல்லை. இப்போது இருக்கிறேன்.