சிவாஜினிக்கு மணம் போன பிறகு

லிட்கம் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு சிறிய மதுச்சாலை. பியரை அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்றார்கள். காய்ச்சுகிறவள் சிவாஜினி. பால் தொழிற்சாலை ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு அவள் இங்கே வந்து சேர்ந்ததைப் பென்டில் ஹில்லில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் சொன்னதில்லை. யாராவது கேட்டால் உணவுத் துறை என்று மழுப்பிவிடுவாள்.

அங்கே பெயர் பெற்றது பிட்டர் என்கிற கசப்புப் பியர். வாயு ஏற்றாமல், நிலவறைப் பீப்பாவிலிருந்து கைப்பம்பை இழுத்து ஊற்றுவது. புதுப் பீப்பா திறந்ததும் முதல் வாய் சிவாஜினிக்குத்தான். அவள் தலையசைத்தால்தான் முதலாளி ஹெலன் விற்பாள்.

குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டது. அதோடு போன மணம் அறியும் சக்தி மட்டும் திரும்பி வரவில்லை. கசப்பும் உப்பும் இனிப்பும் நாக்குக்குத் தெரிந்தன. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மூக்கில்லாதவளை யார் வேலைக்கு வைத்திருப்பார்கள் என்ற பயத்தில் வாய் திறக்கவில்லை. நிறத்தையும் நுரையையும் பார்த்து, குடிக்கிறவர்களின் முகத்தைப் படித்து, நாட்களை ஓட்டினாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை புதுப் பீப்பாவைத் திறந்து, பம்பை இழுத்தாள். தெளிவாகத்தான் வந்தது. குடித்துப் பார்த்தாள். கசப்பு அளவாக இருந்தது. தலையசைத்தாள்.

முதல் கிளாஸ் ஓவன் என்பவருக்குப் போனது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், வேறெதையும் குடிக்காதவர். ஒரு மிடறு குடித்தார், கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார், மீதியை வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஆள் சொன்னான்: ஆஸ்பத்திரித் தாழ்வாரம் மாதிரி நாறுகிறது என்று. ஹெலன் முகர்ந்து பார்த்தாள். பீப்பா கழுவிய மருந்து சரியாக அலசப்படாமல் பியரில் கலந்திருந்தது. அலசியவள் சிவாஜினி. மூக்கு இருந்திருந்தால் பீப்பாவைக் குனிந்து பார்த்தபோதே தெரிந்திருக்கும்.

குடித்துப் பார்த்தாயா என்று ஹெலன் கேட்டாள். களைப்பு என்று சொல்லித் தப்பியிருக்கலாம். சிவாஜினி உண்மையைச் சொன்னாள். ஹெலன் சத்தம் போடவில்லை. இதையா ஆட்களுக்குக் கொடுத்தோம் என்று மட்டும் கேட்டுவிட்டு, பீப்பா முழுவதையும் சாக்கடையில் ஊற்றப் போனாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சிவாஜினிக்கு.

வீட்டில் கணவன் சுபாங்கன் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தான். கதிரையில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"எனக்கு மணம் தெரியிறேல்லை. காய்ச்சல் வந்ததிலையிருந்து."

"தெரியும்," என்றான் அவன். "அண்டைக்கு வெங்காயம் கருகிப் புகையுது, நீர் பேசாமல் கிண்டிக்கொண்டு நிண்டனீர்."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீராச் சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் தனியாகக் கிடந்து பயந்ததை அவன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான். தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து போனாள்.

ஹெலன் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ருசி பார்க்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். மணம் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். இப்போது புதுப் பீப்பா திறக்கும்போது சிவாஜினி பக்கத்தில் நிற்கிறாள். தோடம்பழத் தோல், ஈரப்புல் என்று ஹெலன் முகர்ந்து சொல்லிவிட்டுக் கிளாஸை அவளிடம் நீட்டுகிறாள். சிவாஜினி குடிக்கிறாள், கசக்கிறது. மணம் இல்லை என்று தலையாட்டிவிட்டு, அடுத்த பீப்பாவை அலசப் போகிறாள். ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அலசுகிறாள்.