முற்றம் செருக்கிய பழைய மாணவர்கள்

எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் சிட்னிக் கிளை வெளியிட்ட மலரில் முதலாவது பொதுப்பணி பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘அயலில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் முற்றம் துப்புரவு செய்யப்பட்டது.’ எழுதியவர் என் அப்பா. அதில் பொய் இல்லை. ஆனால் அது எப்பேர்ப்பட்ட துப்புரவு என்பதைக் கண்ணால் கண்டவள் நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு எட்டு வயது. அப்பா சில வருடம் முன்னதாகவே சிட்னிக்கு வந்துவிட்டார். அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. சிட்னியின் ஹோம்புஷ் பகுதியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம்.

கிளையில் மொத்தம் ஆறு பேர். தலைவர், உபதலைவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று ஆறு பேருக்கும் பதவி இருந்தது. சும்மா உறுப்பினராக இருக்கத்தான் ஆளில்லை. செயலாளர் அப்பா. தலைவர் அங்கிள் பள்ளிக்கூடத்தில் அப்பாவின் காலத்து மாணவர் தலைவர். அவர் வீட்டுக்குள் வந்தால் அப்பா கதிரையை விட்டு எழும்பி நிற்பார்.

ஊரிலிருந்து தாய்ச்சங்கம் கடிதம் போட்டிருந்தது. வருடம் முடிவதற்குள் ஒரு பொதுப்பணியாவது செய்யாத கிளைக்கு அங்கீகாரம் கிடையாதாம். அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசிப் புத்தகத்தில் தமிழ்ப் பெயர்களைத் தேடித் தேடி, ஒவ்வொருவராகப் பிடித்து அவர் சேர்த்த கிளை அல்லவா?

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு வெள்ளைக்கார மூதாட்டி வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். தனியாக இருந்தவர். பின்முற்றத்தில் புல் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. நாங்கள் சனிக்கிழமை வந்து முற்றத்தைத் துப்புரவாக்கித் தருகிறோம் என்று அப்பா சொன்னதும் மூதாட்டிக்கு மெத்தச் சந்தோஷம். அன்றைக்கு மகனோடு ஆஸ்பத்திரிக்குப் போவதாகவும் படலையைத் திறந்தே வைப்பதாகவும் சொன்னார்.

ஆறு பேரும் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள்.

“உதென்ன காடு! பாம்பு கிடக்கும். ஐசே, ஒரு புல்லும் மிஞ்சக்கூடாது, வேரோட செருக்குங்கோ!” என்றார் தலைவர் அங்கிள்.

எங்கள் ஊரில் துப்புரவான முற்றம் என்றால் புல் பூண்டு இல்லாத வெறும் மண். அதில் விளக்குமாற்றின் கோடு வரிவரியாகத் தெரிய வேண்டும். அதைத்தான் செய்தார்கள். பள்ளிக்கூடக் கீதத்தைப் பாடிக்கொண்டே மண்வெட்டியால் புல்லை வேரோடு சுரண்டிச் செருக்கினார்கள். கோடு விழக் கூட்டித் தண்ணீர் தெளித்தது நான். அடடா, என்ன அழகு! சோறு சிந்தினால் பொறுக்கிச் சாப்பிடலாம்.

தேத்தண்ணீர் கொண்டுவந்த அம்மா படலையிலேயே நின்றுவிட்டார். “ஐயோ கடவுளே! இந்தச் சனம் புல்லைப் பிள்ளை மாதிரி வளக்குது. நீங்கள் மொட்டையடிச்சு விட்டிருக்கிறியள்!”

மூன்று மாதத்தில் அம்மா கண்டுகொண்டதை அத்தனை வருடமாக இந்த ஆறு படித்த மனிதரும் காணவில்லை.

அதற்குள் மகனின் கார் வந்துவிட்டது. மூதாட்டி முற்றத்தை நெடுநேரம் பார்த்தார். என் புல் எங்கே என்று கேட்டார். தலைவர் அங்கிள் மூலையில் கிடந்த குவியலைக் கையால் காட்டினார்.

“பள்ளிக்கூடத்தின்ர பேர் போச்சு” என்று அப்பா முணுமுணுத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூதாட்டியோ சிரிக்கத் தொடங்கினார். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாய்போலச் சுருட்டிய புல் விற்கிறார்கள், ஒரே காலையில் விரித்துவிடலாம் என்றார். செலவு எங்களுடையது என்றார் அப்பா. மூதாட்டி கண்டிப்பாக மறுத்துவிட்டார். விதை போட்டுத்தான் வளர்க்க வேண்டுமாம். அதுவும் இந்த ஆறு பேரும் சனிக்கிழமைதோறும் வந்து தண்ணீர் விட்டு வளர்க்க வேண்டுமாம்.

எனக்கு வந்த கோபம்! சிரித்துச் சிரித்தே தண்டனை கொடுக்கிற பொல்லாத மனுஷி என்று நினைத்தேன்.

சனிக்கிழமைகள் வந்தன. அவர் ஒற்றைக் கையால் கேக் சுட்டு வைப்பார். அம்மா வடை கொண்டு போவார். தலைவர் அங்கிள் தான் ஆடிய கிரிக்கெட் மாட்ச் கதையை எடுப்பார். அப்பாவும் மற்றவர்களும் மெல்ல நழுவினாலும், மூதாட்டி மட்டும் அதைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்பார். புல் முளைத்தது, அடர்ந்தது. தாய்ச்சங்கத்தின் அங்கீகாரக் கடிதமும் பாராட்டோடு வந்து சேர்ந்தது. ஆனாலும் தண்டனை முடிகிற வழியைக் காணோம். ஒரு வாரம் வேலி சாய்ந்திருந்தது, மறு வாரம் தபால்பெட்டி ஆடியது.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளியில் கற்ற நாலு இங்கிலீசுச் சொல்லைக் கூட்டி, அப்பாவின் தண்டனை எப்போது முடியும் என்று அவரிடமே கேட்டேன்.

அவர் என் தலையைத் தடவி, தான் உயிரோடு இருக்கும்வரை அது முடியாது என்றார்.

அழுதுகொண்டு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டு அதைச் சொன்னார். ஆறு பேரும் முகமெல்லாம் சிரிப்பாகக் கேக் சாப்பிடப் போனார்கள். தண்டனை கூடியதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மனிதரை நான் அதுவரை கண்டதே இல்லை.